எழுபத்தாறு வாரக் கர்ப்பம்

எழுபத்தாறு வயதில் நான் கர்ப்பமானேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தே முக்காலுக்கும் பதினொன்றுக்கும் நடுவில். நாற்பது வருஷம் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதியே தேய்ந்த கை இது. சொந்தக் கர்ப்பத்தையா குறித்துக்கொள்ளாமல் விட்டுவிடுவேன்?

அன்று என்னோடு வந்தவள் என் மருமகள். அவளும் கர்ப்பம்தான். ஆனால் அவளுடையது வழக்கமான வகை.

மருமகள் பேருந்து ஓட்டுகிறவள். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்க ஆரம்பித்ததும் விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். மகனுக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதம் தண்ணீர், இரண்டு மாதம் தரை. இவளுக்குத் துணை நான், எனக்குத் துணை இவள், எங்கள் இரண்டு பேருக்கும் எஜமானி நாலு வயதுப் பேத்தி.

அந்தப் பேத்தி பிறந்த ஆறாவது வாரத்தில் அவளுக்கு ஒரு சளி வந்தது. அது ஒரு வைரஸ். நடுவயதுக்காரர்களுக்கு வந்தால் இரண்டு கைக்குட்டை நனையும், அவ்வளவோடு சரி. பச்சைக் குழந்தைக்கும் என்னைப் போன்ற கிழங்களுக்கும் வந்தால் நெஞ்சில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். குழந்தை பதினோரு நாள் மூக்கில் குழாயோடு மருத்துவமனையில் கிடந்தாள். அவளுடைய விலா ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்து எழும்பியதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பதினோரு நாளில் அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. குழந்தை பிழைத்தது. ஆனால் இன்றைக்கும் அது தும்மினால் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள்.

இப்போது அதற்குத் தடுப்பூசி வந்துவிட்டது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே, முப்பத்திரண்டு வாரம் ஆனதிலிருந்து முப்பத்தேழு வாரம் நிறைவதற்குள் தாய் போட்டுக்கொண்டால், பிறக்கப்போகும் குழந்தைக்கும் காவல் போய்ச் சேர்ந்துவிடும் என்று மருமகளின் டாக்டர் சொல்லியிருந்தார். எழுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கும் அதே மருந்துதான்.

"மாமா, உங்களுக்கும் சேத்துப் போட்டுட்டு வந்துடலாம். ஒரே அலைச்சலா முடிஞ்சிடும்," என்றாள் மருமகள்.

எங்கள் ஊரில் அந்த மருந்து ஒரே இடத்தில்தான் இருந்தது. அதன் பெயர் மூச்சுப் பாதுகாப்பு இயக்ககம். மருந்துக் கடைகளில் வைத்தால் யாராவது வாங்கிப் போட்டுக்கொண்டுவிடுவார்கள் என்று பயந்து, மொத்தத்தையும் இயக்ககமே தன் குளிர்பெட்டிகளில் வைத்துக் காத்துவந்தது. ஆறு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு பெரிய விளம்பரப் பலகை: ஒரு தாத்தாவும் ஒரு கர்ப்பிணியும் கையைக் கோத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். கீழே, 'காத்திருப்போம், காக்கப்படுவோம்.' முதல் பாதியை அவர்கள் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார்கள் என்பதை நான் சாட்சி சொல்வேன்.

மூன்றாம் கவுண்டரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் 'பதிவு அதிகாரி' என்று பித்தளைப் பட்டை. எதைச் சொன்னாலும் அதை ஏற்கெனவே வேறு யாரோ சொல்லிக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு முகம்.

"ரெண்டு பேருக்கு ரெண்டு ஃபாரம் குடுங்க சார்," என்றாள் மருமகள்.

"குடும்பத்துக்கு ஒண்ணுதாம்மா. ஒருங்கிணைந்த படிவம். விருது வாங்கினது."

முன்பெல்லாம் பெரியவர்களுக்கு ஒரு படிவம், அதில் 'வயது' என்று ஒரு கட்டம். கர்ப்பிணிகளுக்கு வேறு படிவம், அதில் 'வாரம்' என்று ஒரு கட்டம். இரண்டு படிவம் எதற்கு என்று ஒன்பது பேர் கொண்ட குழு பதினாலு மாதம் உட்கார்ந்து யோசித்து, இரண்டையும் ஒன்றாக்கி, வயதையும் வாரத்தையும் எடுத்துவிட்டுப் பொதுவாக ஒரு சொல் போட்டார்கள்: 'காலம்.' அதற்குத்தான் அந்த விருது. கொடுத்ததும் அதே இயக்ககம்தான்.

படிவத்தில் இரண்டு வரி. குடும்பத்தில் மூத்தவன் நான் என்பதால் முதல் வரியில் என் பெயர், காலம், 76. இரண்டாம் வரியில் மருமகள், காலம், 33. அன்றைக்கு அவளுக்கு முப்பத்து மூன்று வாரமும் ஐந்து நாளும். நாளுக்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் கவுண்டர் கணினியில் தட்டினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலில் ஒரு கண்டிப்பு ஏறியது.

"ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க. எழுபத்தாறு வாரம். முப்பத்தாறுக்குள்ள வந்திருக்கணும்."

நாற்பது வருஷத்தில் என்னை யாரும் லேட் என்று சொன்னதில்லை. நான்தான் சொல்வேன்.

"வாரம் இல்ல சார், வருஷம்."

"முதல் வரி கர்ப்பிணி. 'தாய்மைக்கே முதலிடம்'னு திட்டம். ரெண்டாவது வரிதான் மூத்த குடிமக்கள். பின்பக்கம் அச்சடிச்சிருக்கு."

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அச்சடித்திருந்தது. எறும்பு வரிசையாகப் போவது போல் இருந்தது.

"நான் ஆம்பளைங்க."

"ஆணா பெண்ணான்னு கேக்கற கட்டத்தை எடுத்துட்டாங்க. கர்ப்பிணின்னாலே பெண்தானேன்னு குழுவுல முடிவு பண்ணிட்டாங்க." பிறகு மருமகளைப் பார்த்துக் குரலை இறக்கினார். "உங்களுக்கு முப்பத்து மூணுதாம்மா ஆகுது. எழுபத்தஞ்சு ஆகணும். நாற்பத்திரண்டு வருஷம் கழிச்சு வாங்க. காலையில வந்தா கூட்டம் இருக்காது."

மருமகள் வயிற்றைக் கவுண்டர் பலகைக்கு மேல் தூக்கி வைத்தாள் என்றே சொல்லலாம். "இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுதும்மா. ஆனா எங்க சிஸ்டத்துல அது ஐயாகிட்ட இருக்கு."

திருத்தம் வேண்டுமென்றால் ஏழாம் கவுண்டர். செவ்வாய்க்கிழமை மட்டும். அன்றைய டோக்கன் ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டது. இயக்ககம் திறப்பது பத்து மணிக்கு.

அடுத்த செவ்வாய் ஆறு மணிக்கே போய் நின்றோம். மருமகளுக்கு முப்பத்து நாலு முடிந்து ஐந்து நாள். எனக்கு எழுபத்தேழு, வாரம் தவறாமல் அவர்களுடைய இயந்திரம் என் கர்ப்பத்தை ஏற்றிக்கொண்டே வந்தது. நடைபாதையின் கடைசியில் 'ஊசி அறை' என்று ஒரு கதவு. அதற்குள் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ், ஆளுயரக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா எழுதறீங்க?" என்றேன், பொழுது போகாமல்.

"காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் பெட்டிக்கு டெம்பரேச்சர் பாக்கறேன் பெரியவரே. வேலைக்குச் சேந்து அஞ்சு மாசம் ஆச்சு. இதுங்களுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்ததில்ல."

"ஊசி?"

"டோக்கன் வந்தா போடலாம்." அவள் திறந்த கதவு வழியாகக் கவுண்டர்களைப் பார்த்தாள். "வரணுமே."

ஏழாம் கவுண்டரில் மூன்றாம் கவுண்டர்க்காரரே உட்கார்ந்திருந்தார். பித்தளைப் பட்டை மட்டும் மாறியிருந்தது: 'திருத்த அதிகாரி.' மூக்குக் கண்ணாடி ஒன்று புதிதாக முளைத்திருந்தது.

"போன வாரம் உங்ககிட்டதான் சார் குடுத்தோம்," என்றாள் மருமகள்.

"அது மூணாம் கவுண்டர். அவர்மேல நிறையப் புகார் வருது." உதட்டைப் பிதுக்கினார். "சொல்லுங்க, என்ன திருத்தணும்?"

சொன்னோம். முதலிலிருந்து. அவர் முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டார். சில இடங்களில் 'அடடா' என்றுகூடச் சொன்னார்.

"இதுல ஒரு சிக்கல். கர்ப்பத்தைத் திருத்த முடியாது. மூடத்தான் முடியும். பிரசவச் சான்றிதழ் கொண்டுவந்தா உடனே மூடிடலாம்."

"எனக்கு எங்கிருந்துய்யா பிரசவம் ஆகும்?"

"அது மருத்துவம். நாங்க நிர்வாகம்."

"என் வரியையாவது திருத்துங்க," என்றாள் மருமகள்.

"உங்க வரி ஐயா வரிக்குக் கீழ இருக்கும்மா. மேல மூடினாத்தான் கீழ திறக்கும்."

"அப்ப இத விட்டுடுங்க. நான் தனியா புதுசா ஒண்ணு எழுதித் தர்றேன்."

திருத்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவா? அதுக்குப் பேரு மோசடிம்மா. உங்க முகத்தைப் பாத்தா அப்படித் தெரியல. வீட்டுக்குப் போங்க."

பேருந்தில் ஏறும்போது ஓட்டுநர், அவளோடு வேலை பார்க்கிறவன், "என்னக்கா, ஊசி ஆச்சா?" என்றான்.

"ரோட்ட பாத்து ஓட்டுடா," என்றாள்.

மூன்றாம் நாள் வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. எழுபத்தேழு வாரக் கர்ப்பம் என்பது 'மிகு ஆபத்துப் பட்டிய'லில் தானாகவே ஏறிவிடுமாம். தோள்பையும் வரைபடச் சுருளுமாக ஓர் ஆலோசகி இறங்கினாள். நல்ல பெண், பட்டியலில் உள்ளபடி செய்கிறவள்.

"தாய் யாரு?"

மருமகள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் என்னைக் கைகாட்டினாள்.

ஆலோசகி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, காலுக்குக் கீழே தலையணை வைத்தாள். கனமான எதையும் தூக்கக்கூடாது, குனியக்கூடாது, மல்லாந்து படுக்கக்கூடாது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவேண்டும், மனசைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளவேண்டும் என்று வரைபடத்தை விரித்துச் சொல்லிக்கொண்டே போனாள். மருமகள் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவே போனாள், வந்தாள்.

"குழந்தை அசையுதா?"

"இந்த வயசுல நானே அசையறது கஷ்டம்மா."

'அசைவு குறைவு' என்று குறித்துக்கொண்டாள். போகும்போது இரும்புச்சத்து மாத்திரை நாலு அட்டை கொடுத்து, மருமகளைத் தனியே அழைத்தாள். "பாட்டிம்மா, பெரியவங்க நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும். வீட்டு வேலை எதுவும் செய்ய விடாதீங்க அவங்கள."

அவளுடைய பட்டியலில் மருமகள் மூத்த குடிமகள். முப்பத்தோரு வயது மருமகள், எட்டு மாத வயிற்றின் மேல் துடைப்பக் கட்டையைச் சாய்த்துக்கொண்டு, "சரி கண்ணு, பாத்துக்கறேன்," என்றாள்.

வண்டி போனதும் இருவரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பிறகு அவள் நாள்காட்டிக்கு முன்னால் போய் நின்றாள். அப்போது சிரிக்கவில்லை.

மூன்றாவது செவ்வாய், எல்லாக் கவுண்டரும் மூடிக்கிடந்தன. இயக்ககத்தில் விழா. 'சேதமில்லா ஆண்டு' என்று மேடைக்குப் பின்னால் துணி கட்டியிருந்தார்கள். எங்களுக்கு அழைப்பு வந்திருந்தது; என்னை 'நீண்டகாலப் பயனாளி' என்ற அட்டையோடு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மருமகளுக்குப் பின்வரிசையில் முதியோர் நாற்காலி. அந்த நாற்காலிக்குக் கைப்பிடி இருந்ததால் அவளால் அதில் உட்கார முடியவில்லை.

இணை இயக்குநர் பேச எழுந்தார். அகலமான மனிதர், குரல் அவரைவிட அகலம்.

"அன்பர்களே, இந்த மருந்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் எத்தனை ஆண்டுகள் கண் விழித்தார்கள். அப்படிப்பட்ட மருந்தை வந்த சில மாதங்களிலேயே செலவழித்துத் தீர்ப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையா? நாம் பொறுப்பு ஏற்றபோது நம்மிடம் தரப்பட்டவை நாலாயிரத்து இருநூறு குப்பிகள். இன்று காலை எண்ணினோம்." ஒரு கணம் நிறுத்தினார். "நாலாயிரத்து இருநூறு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"வேறு இடங்களில் நடப்பது உங்களுக்குத் தெரியும். கை தவறி உடைக்கிறார்கள். வெயிலில் வைத்துக் கெடுக்கிறார்கள். சில இடங்களில், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் ஊசியாகவே போட்டுவிடுகிறார்கள். நம் இயக்ககத்தில் பக்கவிளைவு என்று ஒரு புகார் உண்டா? கையில் வீக்கம் என்று ஒருவர் வந்ததுண்டா? ஊசி கேட்டு வந்த அத்தனை பேருக்கும், நூற்றுக்கு நூறு பேருக்கும், நாம் பதில் கொடுத்திருக்கிறோம். மருந்து தீர்ந்துவிடும், அன்பர்களே. பதில் தீராது."

பின்வரிசையில் நின்றபடியே மருமகள் குரல் கொடுத்தாள். "ஐயா, எனக்கு முப்பத்தஞ்சு வாரம் முடிஞ்சிடுச்சு. இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு. அந்த நாலாயிரத்து எரநூறுல ஒண்ணு குடுங்க."

இணை இயக்குநர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ ஓதினார். இணை இயக்குநரின் முகம் கனிந்தது.

"இந்த வயதிலும் இந்த அன்னைக்கு எவ்வளவு ஆர்வம் பாருங்கள்," என்றார். "இவரைப் போன்ற மூத்தோர்தான் நமக்கு ஊக்கம்."

மறுபடியும் கைதட்டல். கூட்டத்தில் கைதட்டாதவர்கள் மூன்று பேர்: நான், மருமகள், சுவரோரம் நின்ற நர்ஸ். எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. கனமானதைத் தூக்கக்கூடாது என்று ஆலோசகி ஓடிவந்து வாங்கிக்கொண்டாள்.

நாலாவது செவ்வாய். முப்பத்தாறு வாரம், ஐந்து நாள். வியாழக்கிழமை விடிந்தால் முப்பத்தேழு.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். தையல் கடையில் வேலை செய்கிறவள், முதல் பிரசவம். நாலு வாரமாக வந்துபோனவளாம். அன்றுதான் அவளுக்கு முப்பத்தேழு பிறந்திருந்தது. ஏழாம் கவுண்டர் அவளிடம் பூப்படம் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்தார். 'தங்கள் காலம் கடந்தமைக்கு வருந்துகிறோம்.' அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றிதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் முறை வந்தது.

"உங்களுக்கு நல்ல செய்தி," என்றார் ஏழாம் கவுண்டர். "காலம்ங்கற கட்டத்தால குழப்பம் வருதுன்னு மேலிடம் ஒத்துக்கிச்சு. படிவத்தையே ரத்து பண்ணிட்டாங்க. அடுத்த மாசம் புதுப் படிவம் வந்துடும்."

"அடுத்த மாசம் நான் பெத்துடுவேன்," என்றாள் மருமகள்.

"பழைய பதிவு எல்லாம் தானா காலாவதி. ஐயா கர்ப்பம் மட்டும் நிலுவையில இருக்கும்." கையைக் கூப்பினார். "அடுத்தவங்க வாங்க."

மருமகள் நகர்ந்தாள். நடைபாதையின் கடைசிவரை போனாள். ஊசி அறைக் கதவுக்கு எதிரே சுவரில் சாய்ந்து, மெல்லச் சறுக்கி, தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு நாள் நின்றவள் அவள். நான் பக்கத்தில் குனிந்தேன்.

"எழுந்திரும்மா. தரை ஜில்லுனு இருக்கு."

"முடியல மாமா." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவ மூச்சு விடறப்ப ஒரு சத்தம் வரும், ஞாபகம் இருக்கா? எனக்கு இன்னும் பஸ் பிரேக் போடறப்பல்லாம் கேக்குது. வயித்துல இருக்கறதுக்கும் அது வந்தா நான் நிக்க மாட்டேன் மாமா. இந்தத் தடவ என்னால நின்னு பாக்க முடியாது."

நர்ஸ் வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"டோக்கன் இல்லாம நான் போட்டா பதிவு ஏறாதும்மா," என்றாள். "பதிவு ஏறலேன்னா சாயங்காலம் ஒரு குப்பி குறையும். எங்க போச்சுன்னு கேப்பாங்க."

"தெரியும். உங்கள ஒண்ணும் சொல்லல."

நர்ஸ் உள்ளே போனாள். மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு தடித்த நோட்டோடு திரும்பி வந்தாள். அட்டையில் 'சேதப் பதிவேடு' என்று இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வெறும் கோடு.

"நேத்து ராத்திரி விதிமுறைப் புத்தகத்தை முழுக்கப் படிச்சேன்," என்றாள் மெதுவாக. "இங்க எது செய்யணும்னாலும் ஒரு அனுமதி வேணும். உடைக்கறதுக்கு மட்டும் யார் அனுமதியும் வேணாம். உடைஞ்சப்புறம் எழுதினாப் போதும்."

நோட்டை மூடிவிட்டு, கதவை அகலமாகத் திறந்து பிடித்தாள்.

"உள்ள வாங்கம்மா," என்றாள் நர்ஸ். "என் கை கொஞ்சம் தவறப்போகுது."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மருமகள் சட்டைக் கையை ஏற்றினாள். நர்ஸ் பஞ்சால் துடைத்தாள். ஐந்து மாதமாகச் சும்மா இருந்த கை, நடுங்கவேயில்லை. பிறகு உட்கார்ந்து நிதானமாக எழுதினாள். சேதம்: ஒன்று. காரணம்: கை தவறியது. இடம்: இடது மேற்கை.

"எனக்கும் ஒண்ணு தவறாதாம்மா?" என்றேன்.

"ஒரே நாள்ல ரெண்டு தவறினா சந்தேகம் வரும் பெரியவரே. அதுவுமில்லாம நீங்க எழுபத்தொம்போது வாரம். உங்களுக்குப் போட எனக்கே பயமா இருக்கு."

மறுநாள் காலை எண்ணிக்கையில் நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது. மூன்று தடவை எண்ணிப் பார்த்தார்களாம். பிறகு இயக்ககத்தின் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். இணை இயக்குநர் ஊழியர்களைக் கூட்டி இரண்டு நிமிஷம் மௌனம் காத்தார். அந்தக் கட்டடத்தில் உருப்படியாகக் கழிந்த இரண்டு நிமிஷம் அதுதான் என்று நர்ஸ் பிறகு என்னிடம் சொன்னாள். 'கடமையில் கவனமின்மை' என்று அவளுக்கு ஓர் ஓலை கொடுத்தார்கள். இணை இயக்குநருக்கு, துயரமான வேளையில் நிதானம் இழக்காமல் இருந்ததற்காக, அடுத்த மாதம் பதவி உயர்வு கிடைத்தது.

மருமகளுக்கு முப்பத்தொன்பதாம் வாரத்தில் பையன் பிறந்தான். மூன்று கிலோ நூறு கிராம். இரண்டு மாதம் கழித்து, பேத்தி பள்ளியிலிருந்து அந்தச் சளியைக் கொண்டுவந்தாள். பையனுக்கும் ஒட்டியது. மருமகள் இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டே கிடந்தாள். மூக்கு ஒழுகியது, பால் குடிக்கச் சிணுங்கினான். விலா குழி விழவில்லை. நாலாம் நாள் எழுந்து என் மேல் ஒண்ணுக்கு அடித்தான்.

தையல் கடைப் பெண்ணின் குழந்தை பதினாறு நாள் மருத்துவமனையில் இருந்தது. அதைப் பற்றி இயக்ககத்தில் எந்தப் பதிவும் கிடையாது. குப்பி எதுவும் உடையவில்லையே.

உடைந்த குப்பிக்கோ விசாரணை வந்தது; அந்த இடது மேற்கை யாருடையது என்று மாதக்கணக்கில் தேடினார்களாம். பையனுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, மூன்றாம் கவுண்டர், அதாவது ஏழாம் கவுண்டர், 'சேத விசாரணை அதிகாரி' என்ற பட்டையோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு படிவமும், ஒரு எடைக் கருவியும்.

"சேதமான பொருளை நேர்ல பாக்கணும்," என்றார். "குப்பி காலி. ஆனா உள்ள இருந்த மருந்து தரையில சிந்தலன்னு ஆய்வுல தெரியுது. எங்க போச்சு?"

"என் கைக்குப் போச்சு," என்றாள் மருமகள்.

"உங்க கையிலேருந்து?"

மருமகள் இடுப்பில் இருந்த பையனைக் காட்டினாள். பையன் அதிகாரியின் பித்தளைப் பட்டையை எட்டிப் பிடித்தான்.

அவர் பட்டையை விடுவித்துக்கொண்டு, பையனை எடைக் கருவியில் வைத்து, 'சேதப் பொருள்: ஏழு கிலோ இருநூறு' என்று எழுதினார். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நர்ஸ் கோப்பை முடிச்சு, அவங்கள சுவரொட்டிக் கிடங்குக்கு மாத்திடலாம்."

மருமகள் படித்தாள். ஏற்கெனவே அச்சடித்த வரி: 'மேற்படி சேதப் பொருள் என் முன்னிலையில் முற்றிலும் அழிக்கப்பட்டது.'

மருமகள் பையனை என்னிடம் கொடுத்தாள். பேனாவை வாங்கினாள். 'அழிக்கப்பட்டது' என்பதன் மேல் மூன்று கோடு இழுத்தாள், காகிதம் கிழிகிற அளவுக்கு. அதற்கு மேலே, பேருந்துப் பலகையில் ஊர்ப்பெயர் எழுதுவதுபோலக் கொட்டை எழுத்தில், 'வளர்க்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அப்படி ஒரு நிலை எங்க படிவத்துல இல்லையேம்மா."

"அதனாலதான் நானே எழுதிட்டேன். கிளம்புங்க."

அவர் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி புரட்டினார். அழிக்கப்படாத சேதப் பொருளின் கோப்பை மூட முடியாது. கோப்பு மூடாதவரை சம்பந்தப்பட்ட ஊழியரை இடம் மாற்ற முடியாது. பொருள் அழிகிற வரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி நேரில் வந்து நிலையைக் குறிக்கவேண்டும்.

ஆகவே நர்ஸ் அதே அறையில், அதே குளிர்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இன்றும் இருக்கிறாள். பாவம், கை நடுக்கம் வந்துவிட்டதாம். வாரத்துக்கு ஏழெட்டு தடவை தவறுகிறது. கதவுக்கு வெளியே நிறைமாதப் பெண்களும் ஊன்றுகோல் பிடித்தவர்களும் பேச்சு மூச்சில்லாமல் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கும் ஒருநாள் தவறியது. என் கர்ப்பம் நிலுவையில்தான் இருக்கிறது. இருநூறு வாரத்தைத் தாண்டிவிட்டது.

அதிகாரியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடைக் கருவியோடு வந்துவிடுகிறார். 'சேதம் தவழ்கிறது' என்று ஒருமுறை எழுதினார். 'சேதம் பேசுகிறது, மரியாதை இல்லை' என்று இன்னொரு முறை. போன வாரம் வந்தபோது அரைமணி நேரம் கூடத்துக்கும் மாடிப்படிக்கும் அலைந்துவிட்டு, எடைக் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க எழுதினார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

'சேதம் ஓடுகிறது. பிடிக்க முடியவில்லை.'